பன்னிரண்டாவது வகை

ஜன்னலைத் திறந்து வைத்தது நல்லதாயிற்று, மேடம். செப்டம்பரில் இந்தக் கோயாஸ் மேட்டுநிலத்தில் முதல் மழை விழும்வரை எல்லோருக்கும் மூக்கு வறண்டு ரத்தம் கசியும். என் கைக்குட்டையில் இருப்பதும் அதுதான்.

பெயர் அல்தெமார் கின்டிலியானோ. வயது அறுபத்திரண்டு. தாவரக் கூட்டங்களை வகைபிரிப்பது என் தொழில். அப்படி ஒரு தொழிலா என்று உங்கள் எழுத்தர் சிரித்தார். பரவாயில்லை, என் மாமியாரும் சிரித்தவர்தான். நிலத்தில் கயிறு கட்டிச் சதுரம் போடுவேன். சதுரத்துக்குள் என்னென்ன சேர்ந்து வாழ்கின்றன என்று எண்ணுவேன். புல் எவ்வளவு, புதர் எவ்வளவு, மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்த்து, அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர் வைப்பேன். இருபத்து மூன்று வருடம் இதைச் செய்து, இந்த மேட்டுநிலம் முழுவதையும் பதினோரு வகைக்குள் கொண்டுவந்து வரைபடம் போட்டேன். பதினொன்றாவது இலையுதிர் காடு. அது கீழே பள்ளத்தாக்கில், சுண்ணாம்புப் பாறைமேல் மட்டும் வளரும். மேட்டின்மேல் வளராது. கல்லூரிகளில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்த இருபத்து மூன்று வருடமும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் பென்வின்டா அம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். பட்டையை நகத்தால் கீறி முகர்ந்தே மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மே மாதம் அவர் ஒரு சாக்குப்பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். மேசைமேல் கொட்டினார். அரோயரா மரத்தின் இலைகள், அடிமரத்தில் தண்ணீர் தேக்கிப் பருக்கும் தொந்தி மரத்தின் முள்பட்டை, சில நெற்றுகள். எல்லாம் இலையுதிர் காட்டுச் சாமான்கள். எங்கே எடுத்தீர்கள் என்றேன். மேலே, மூன்று பாறைகளுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் என்றார். அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அதைப் பாறை நிழல் என்று குறித்ததே நான்தான்.

போய்ப் பார்த்தோம். ஒன்பது ஹெக்டேர் இருக்கும். மேட்டின் உச்சியில், யார் கண்ணிலும் படாமல், சுண்ணாம்புக் கல்மேல் அது நின்றுகொண்டிருந்தது. மரங்களின் தலைகள் தொட்டுக்கொண்டிருந்தன. அழகாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

பென்வின்டா அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார். "பாத்தீங்களா டாக்டர், உங்க காடு மாடி ஏறி உக்காந்திருக்கு. உங்களக் கேக்காம ஏறிடுச்சு. இந்தத் தடவ மன்னிச்சு விட்ருங்க."

நான் சதுரம் போட்டு எண்ணினேன். அன்று ஆறு சதுரம். பிறகு, இது காடு இல்லை, கொஞ்சம் உயரமாக வளர்ந்த புதர் வெளி என்று சொன்னேன். பக்கத்தில் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு தொந்தி மரம் நின்றது. அதைத் தட்டிக்காட்டினார்.

"இது புதருன்னா நான் பதினாறு வயசுப் பொண்ணு."

அவருக்கு இதில் ஒரு காரியம் இருந்தது. பக்கத்து சோயாப் பண்ணைக்காரர் தன் வயலை அந்தப் பக்கம் நீட்டப் பார்த்தார். புதர் வெளி என்றால் அழிக்க அனுமதி கிடைக்கும். காடு என்றால் தொட முடியாது. எது காடு என்பதற்கு எல்லோரும் என் வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள்.

"நீங்க காடுன்னு ஒரு வார்த்த எழுதிட்டாப் போதும். சங்கிலி கட்டி மரத்தச் சாய்க்கிற டிராக்டர் இங்க வராது" என்றார்.

"என்கிட்ட பதினோரு பெட்டிதான் இருக்கு, பென்வின்டாம்மா. இது எதுலயும் அடங்கல."

"அப்ப பன்னண்டாவதா ஒண்ணு செஞ்சுக்கோங்களேன். பெட்டிதானே டாக்டர்."

பெட்டிதானே என்றார். ஒன்றை ஒப்புக்கொண்டால், வேறு எதையெல்லாம் நான் பாறை நிழல் என்று குறித்தேன் என்று கேட்பார்கள். பிறகு ஏழாவது வகையான புதர் வெளி நிற்காது. ஏழு போனால் எட்டும் ஒன்பதும் போகும். இதை அவருக்கு விளக்க முயன்றேன். அவர் வாயில் ஒரு புல்லை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். சோயாப் பண்ணைக்காரர் ஒருநாள் என் வீட்டுக்கு ஒரு முழுப் பாலாடைக் கட்டியோடு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். நான் விலைபோகிறவன் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் பென்வின்டா அம்மா மறுபடி வந்தார். தலைநகரில் பல்கலைக்கழகத்துக்கு மகளை விட்டுக் கடிதம் எழுதவைத்தாராம். வருகிற வியாழக்கிழமை மூன்று தாவரவியலாளர்கள் வருகிறார்களாம். எனக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது என்றுதான் சொல்ல வந்ததாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். உங்களுக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல. சின்னவங்க ஒரு தரம் பாத்துட்டுப் போகட்டுமே."

நான் கோபிக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அதுவரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை புனிதர் திருவிழாவுக்குக் கிளம்பி, புதன்கிழமை திரும்புவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் மேலே போனேன். கிழக்குக் காற்று. நாலு மாதமாகச் சொட்டு மழை இல்லை. பள்ளத்துக்குள் உதிர்ந்த இலை முழங்கால்வரை கிடந்தது. இந்தப் பருவத்தில் இங்கே எங்கும் ஏதாவது எரிந்துகொண்டுதான் இருக்கும். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒரு தீப்பெட்டி மட்டும் கொண்டுபோனேன்.

பள்ளத்தின் வாயில் அவருடைய கழுதை கட்டியிருந்தது.

சேணப்பையில் மரவள்ளி மாவும் உப்பிறைச்சியும் இருந்தன. உள்ளேயிருந்து வெட்டுக்கத்தியின் சத்தம் கேட்டது. திருவிழாவுக்குப் போகாமல், வருகிறவர்களுக்கு வழி வெட்டிக்கொண்டிருந்தார். சீரான சத்தம். அவர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

கழுதையை அவிழ்த்துவிட்டேன். வாயில்லாப் பிராணி, அது என்ன பாவம் செய்தது. கயிற்றைச் சுருட்டிச் சேணத்தில் மாட்டி, தட்டிக்கொடுத்து வீட்டுப்பக்கம் அனுப்பினேன். பிறகு மூன்று இடத்தில் பற்றவைத்தேன்.

அவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருப்பார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

புகை எனக்கு எப்போதுமே ஆகாது. இருமினேன். என் இருமல் அவருக்குத் தெரியும். வெட்டுக்கத்தி நின்றது.

"டாக்டரா? நெருப்பு வருது டாக்டர், நீங்க மொதல்ல கீழ எறங்குங்க" என்று குரல் கொடுத்தார்.

சரியான யோசனையாகப் பட்டது. இறங்கினேன்.

கழுதை ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தது. அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அம்மா இல்லாமல் கழுதை வந்ததே என்று ஓடிவந்த மகள் இராசெமா, கயிறு அறுபடாமல் சுருட்டி மாட்டியிருந்ததைப் பார்த்தாள். அளவுக் கயிற்றை எட்டுப்போல் சுருட்டி நடுவில் ஒரு முடிச்சுப் போடுவது என் பழக்கம். அவள் சிறுமியாக இருந்ததிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். நீங்கள் கேட்டதுமே ஒப்புக்கொண்டேன் இல்லையா?

வியாழக்கிழமை அந்த மூவரும் வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தொந்தி மரங்கள் உள்ளே தண்ணீர் கொதித்து வெடித்திருந்தனவாம். ஒரு சதுரம்கூடப் போட முடியாமல் திரும்பினார்களாம். ஆக, வரைபடத்தில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

பேனாவைக் கொடுங்கள், வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். நாள், நேரம், காற்றின் திசை எல்லாம் சரி. பென்வின்டா அம்மா உள்ளே இருப்பது தெரிந்தே தீ வைத்தேன், அதனால் அவர் இறந்தார் என்பதும் சரி. கொன்றேன் என்றே போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வரியில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. தீ வைத்தது 'காட்டுக்கு' என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டுப் 'புதர் வெளிக்கு' என்று மாற்றச் சொல்லுங்கள், மேடம். உண்மையல்லாத ஒன்றின் கீழ் நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.