சிப்பாய்க்குப் போட்ட இரண்டாம் வருட ஊசி
(புக்கிட் தாலாம் ரப்பர்த் தோட்டத்து மருந்தக டிரெசர் அமிர்தலிங்கம் அவர்களின் பணி ஓய்வு விழாவில் வாசித்தளித்த மடல், 1958)

காய்ச்சலுக்குக் கலங்காத நெஞ்சும், கலங்கி நிற்போரைக் கண்டால் கரையும் நெஞ்சும் ஒருங்கே வாய்த்தவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல் எங்கள் புண்ணையும் பிணியையும் தம் கையால் தொட்டுத் துடைத்தவர். மருந்தகத்து மாண்பாளர், எங்கள் மதிப்புக்குரிய டிரெசர் அமிர்தலிங்கம் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உள்ளம் நெகிழ்ந்து சூட்டும் உரைமாலை இது.

அவர் பார்த்த பிரசவங்களையும், கொசுக்காய்ச்சலிலிருந்து மீட்ட உயிர்களையும், குண்டடிபட்ட லாரிக்காரரைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் தம் மடியில் தாங்கிக் காப்பாற்றியதையும் வரிசையாக எழுதி வைத்திருந்தோம். போன வாரம் அவர் அதைப் படித்துப் பார்த்தார். "எல்லாம் சரிதான். ஆனா சிப்பாய் கதை எங்க?" என்று கேட்டார். நாங்கள் திகைத்துப் போனோம். பாராட்டு மடலில் அதை எப்படி எழுதுவது? எழுதாவிட்டால் விழாவுக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இங்கிருக்கும் இளையவர்கள் பலருக்கு அது தெரியாது. ஆகவே அவரை முன்னே அமர்த்திக்கொண்டு, அவர் எங்களுக்குச் சொன்னபடியே சபைக்குச் சொல்கிறோம்.

அவர் வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம், புல்வெட்டும் ராமசாமி என்பவரை ஒரு நாய் கடித்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரம் கழித்து மருந்தகத்துக்கு அவரைத் தூக்கிவந்தபோது, ஒரு கோப்பைத் தண்ணீரைக் கண்டே உடம்பெல்லாம் நடுங்கினார். இரண்டு நாளில் இறந்தார். அந்த இரண்டு நாளும் கட்டிலோரம் நின்ற அமிர்தலிங்கம், ஒன்றும் செய்ய முடியாமல் நின்றதை வாழ்நாளில் மறக்கவில்லை.

அதனால்தான், ஐம்பத்திரண்டில் கோலாலம்பூர்ப் பக்கம் வெறிநாய்க்கடி பரவி, நாய்களுக்கு ஊசி வந்தபோது அவர் மகிழ்ந்தார். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்து நாய்கள் நாற்பத்தொன்றுக்கும் தாமே போட்டார். அடுத்த வருடம் மறுபடி மருந்து வந்தது. மறுபடி போடத்தான் வேண்டுமா? கூட வந்த தாளில் 'வருடந்தோறும் போடுவது நலம்' என்று மட்டுமே இருந்தது. தோட்டத்துத் துரை முடிவை டிரெசரிடமே விட்டார். டிரெசர் அதிகம் யோசிக்கவில்லை. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் காடு. காட்டிலிருந்து வரும் நாய்களைத் தடுக்க எந்த வேலியாலும் முடியாது. ராமசாமியின் முகம் அவர் கண்முன் நின்றது. எல்லா நாய்க்கும் ஊசி, விலக்கு கிடையாது, ஊசி போட்டதும் கழுத்தில் கட்டும் புதுத் தகடு இல்லாத நாயைக் காவல்காரர்கள் சுடுவார்கள் என்று தம் கையாலேயே எழுதி ஒட்டினார்.

ஊசி போட்ட காலையில் பத்தாவதாக வந்தவர் ராக்கம்மா. அவருடைய கணவர் மாயாண்டி தோட்டக் காவலில் இருந்தவர். ரப்பர் காட்டில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களால் சுடப்பட்டு இறந்து அப்போது இரண்டு வருடம். அவர் வளர்த்த நாய்தான் சிப்பாய். வேலியோரத்துக் கடைசி வீட்டில் ராக்கம்மாவுக்கு இருந்த ஒரே துணை அது.

"ஐயா, போன வருசம் ஊசி போட்டப்ப இதுக்கு மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு. போன வருசம் போட்டது இன்னும் உள்ள இருக்காதா? இந்த வருசம் விட்டுடலாமே."

"போடலன்னா சுட்டுடுவாங்க, ராக்கம்மா. ஒண்ணும் ஆகாது. புடி."

ராக்கம்மா பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியது. அடுத்த நாயை அழைக்குமுன் சிப்பாய் வாந்தி எடுத்தது. கண்ணும் மூக்கும் வீங்கி ஒன்றாயின. கால் மடங்கி ராக்கம்மாவின் மடியிலேயே சரிந்தது. மூச்சுக்கு அது தவித்த சத்தம் வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது. மனிதருக்கு இப்படி நேர்ந்தால் போடுவதற்கென்று அலமாரியில் அட்ரினலின் இருந்தது. நாய்க்கும் அதைப் போடலாம் என்பது டிரெசருக்கு உடனே தோன்றவில்லை. தோன்றி, ஓடி, எடுத்து வந்தபோது சிப்பாய் அசையவில்லை.

வரிசையில் நின்றவர்கள் தத்தம் நாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அர்ச்சுனன், என்ன செய்வதென்று தெரியாமல், "ஐயா, அடுத்தத கூப்பிடவா?" என்று கேட்டுவிட்டார். டிரெசர் கையில் மருந்து ஏற்றிய ஊசியோடு அப்படியே நின்றார்.

ராக்கம்மா குரலை உயர்த்தவில்லை. "நீங்கதான ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க" என்று மட்டும் கேட்டார். நாயைச் சேலைத் தலைப்பில் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்.

உள்ளே போய் டிரெசர் போன வருடத்துக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'ராக்கம்மா நாய். ஊசிக்குப்பின் முக வீக்கம், மூச்சிரைப்பு. மறுநாள் சரி.' அவரே எழுதியதுதான். இந்த வருடம் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நாய் செத்ததைவிட அந்த ஒரு வரிதான் தம்மை அடித்துப் போட்டது என்று எங்களிடம் சொன்னார்.

"நாய்க்கு முன்னமே சீக்கு இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. யாரு கேக்கப் போறா?" என்று அவருக்கு யோசனை சொன்னவர், கீழே கையெழுத்திட்டிருக்கும் அலுவலகக் கிராணி திருநாவுக்கரசு. இதையும் எழுதும்படி சொன்னவர் அவரே.

மறுநாள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், இருநூறு பேர் நிற்க, டிரெசர் புத்தகத்தோடு வந்து அந்த வரியை உரக்கப் படித்தார்.

"எழுதி வச்சிருந்தேன். பாக்கல. ராக்கம்மா சொன்னதையும் கேக்கல. தப்பு என்னோடது. சுடுற உத்தரவக் கிழிச்சிட்டேன்."

உத்தியோகத்தில் இருப்பவர் ஒருவர் தொழிலாளர் முன்னே தம் தவற்றைச் சொல்லி நின்றதை இந்தத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. துரை கடிந்துகொண்டார். சிலர் கேலி செய்தார்கள். டிரெசர் அன்றே துப்பாக்கிக் காவலோடு போன ரப்பர்ப்பால் லாரியில் ஏறிச் சிரம்பானில் கால்நடை டாக்டரைப் பார்த்தார். மருந்து எத்தனை வருடம் தாங்கும் என்று தமக்கும் உறுதியாகத் தெரியாது என்றார் டாக்டர். ஒருமுறை வீங்கிய நாய்க்கு மறுபடி போடாதே, மற்றதற்கு ஆபத்து அருகில் இருக்கும்வரை போடு, பக்கத்தில் அட்ரினலினை வைத்துக்கொள் என்றார்.

திரும்பி வந்த டிரெசர் உத்தரவு ஏதும் ஒட்டவில்லை. வீடு வீடாகப் போனார். போன வருடம் என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டார். தமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னார். மீதி முப்பத்தொரு நாயில் இருபத்தெட்டைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் அர்ச்சுனன் நாய்க்கு முகம் வீங்கியது. இம்முறை மருந்து தயாராக இருந்ததால் பிழைத்தது. மூன்று வீட்டார் மறுத்தார்கள். "சரி, கட்டிப் போட்டு வைங்க. வாரா வாரம் நானே வந்து பாக்குறேன்" என்றார். அப்படியே பார்த்தார்.

ராக்கம்மா இரண்டு வருடம் மருந்தகத்துப் படி ஏறவில்லை. ஐம்பத்தைந்தில் அங்கே ஆயா வேலை காலியானபோது தாமாகவே வந்து கேட்டார்.

"என்கூட வேலை செய்ய உனக்கு மனசு வருமா, ராக்கம்மா?"

"வரலதான் ஐயா. ஆனா ஊசி போடுறதுக்கு முன்ன பழசப் பாத்தீங்களான்னு கேக்க ஒரு ஆளு வேணும்ல. நான் கேக்குறேன்."

மூன்று வருடமாகக் கேட்டுவருகிறார். கேட்காமல் அங்கே ஓர் ஊசியும் இறங்கியதில்லை.

கண்ணாடி போட்டு மாட்டப்போகும் மடலில் இந்தப் பகுதி வேண்டுமா என்று நேற்றுவரை எங்களுக்குள் வாக்குவாதம். ஓய்வுக்குப்பின் ஐயா குடியேறப்போகும் தெமியாங் வீட்டுக்கு வருகிறவர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று சிலர் தயங்கினோம். முடிவாக ராக்கம்மாவைக் கேட்டோம்.

"அத எடுத்துட்டா, மீதி எந்த டிரெசருக்கும் பொருந்தும்" என்றார்.

ஆகவே எடுக்கவில்லை. ஐயா, தாங்கள் துணைவியார் தாயம்மா அவர்களோடு நலமும் நிறைவும் நீள்வாழ்வும் பெற்று, பிறர் காய்ச்சலுக்கு விழிக்காத நிம்மதியான உறக்கம் பெற்று வாழ வேண்டுமென வணங்கி வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
ராக்கம்மா, ஆயா (கைநாட்டு)
திருநாவுக்கரசு, கிராணி
அர்ச்சுனன், மண்டோர்
மற்றும் புக்கிட் தாலாம் தோட்டப் பணியாளர்கள்