சுற்றிப் போகாத ஓநாய்கள்

— சரி, இன்னிக்கு ஆட்டத்துல உங்கண்ணன் எடுக்கப்போற புதுக் கேடயக்காரனுக்கு இன்னும் பத்து உயிர் கூட்டித் தரேன் தம்பி. போதுமா?

— கூட்டினா இன்னும் கொஞ்ச நேரம் நின்னு அடி வாங்குவான், அவ்வளவுதான் அண்ணி. அண்ணன் ஆடறது ஆட்டமா? மெத்தையப் போட்டு உதைக்கற மாதிரி இருக்கு.

— போன வாரம் ஆட்டத்துல அவர் ஆளு செத்துப் போனான்னு மனசு கேக்கல உனக்கு. அதான். பகடை அப்படி விழுந்துச்சு, நான் என்ன பண்ண?

— பகடைய விடுங்க. அந்தப் பொத்தான எல்லாம் எடுத்து மேசையில வைங்க. இந்தக் கறுப்பு ரெண்டும் ஓநாய். பெரிய பித்தளை, அண்ணனோட கேடயக்காரன். அவனுக்குப் பின்னாடி வெள்ளை, என்னோட மந்திரவாதி. சரியா?

— துணி வெட்டற மேசையில ரெண்டு வருஷமா பகடை உருட்டி உங்க ரெண்டு பேருக்கும் இந்தக் கதை விளையாட்ட நடத்தறவ நான். எனக்கே பாடமா?

— சாக்பீஸ்ல நீங்க போட்ட பாதை மூணு கட்ட அகலம். அண்ணன் நடுக் கட்டத்துல நிக்கறான். ரெண்டு பக்கமும் காலி. ஓநாய் ஏன் ஓரமா ஒதுங்கி நேரா என்கிட்ட வரல? நான் மெல்லிசா அங்கி போட்ட ஆளு. ஒரே கடியில கதை முடிஞ்சிடும்.

— ஓநாய்க்கு உங்கண்ணன் மேல பாசம்னு வச்சுக்கோயேன்.

— மழுப்பாதீங்க. மருந்துக் கடையில ஒரே ஆளுக்கு இருக்கற மாத்திரை எல்லாத்தையும் எழுதி சீட்டு வந்தா, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன். அதே மாதிரி கேக்கறேன். இத்தனை நாள்ல ஒரு ஓநாய் கூட என்னைத் தொட்டதில்ல. ஏன்?

— கேட்டுட்ட. சொல்லிடறேன். உங்கண்ணன்தான் சொன்னாரு, முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே. "எல்லா அடியையும் என் மேல போடு, தம்பி பக்கம் எதையும் விடாதே"ன்னு.

— அப்ப நான் ஒப்புக்குச் சப்பாணி.

— அப்படி எல்லாம் பேசாதே.

— வேற எப்படிப் பேச? சின்ன வயசுல தெருவுல ஆடறப்பவும் இதே கூத்துதான். "இவனுக்கு அவுட்டே கிடையாது, விடுங்கடா"ம்பான். நான் என்னடான்னா, பூதத்த எல்லாம் பொசுக்கித் தள்ளின பெரிய மந்திரவாதின்னு காலரத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். போன வாரம் கேடயக்காரன் விழறப்ப எனக்கு மந்திரமும் தீந்துபோச்சு. கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன் அண்ணி. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

— விளையாட்டுக்குப் போயா?

— விளையாட்டுன்னா விதி வேணும். இன்னிலேருந்து ஓநாய் அதோட புத்திப்படி போகட்டும். கேடயத்தத் தாண்டி ஒண்ணு ஓடினா, ஓடறப்பவே கேடயக்காரன் அத ஒரு வெட்டு வெட்டலாம். ஒண்ணத்தான். ரெண்டாவது தாண்டினா, அது பின்னாடி நிக்கறவன் பாடு. இதுக்கு ஒத்துக்கலன்னா இனிமே நான் ஆட வரல.

— நல்ல விதிதான். முன்னாடி நிக்கறவனுக்கும் ஒரு வேலை, பின்னாடி நிக்கறவனுக்கும் ஒரு பயம். ஆனா அவர் ஒத்துக்கணுமே. அதோ, செருப்புக் கழட்டற சத்தம் கேக்குது. நீயே கேட்டுக்கோ.

— என்ன, நான் வர்றதுக்குள்ள பஞ்சாயத்து கூடியாச்சா?

— வாங்க. ஓநாய் விஷயம் தம்பிக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அதுங்க உங்களச் சுத்தித் தாண்டியும் வரணுமாம்.

— விடு விடு. நான் பஸ் ஓட்டறவன்டா. முன்னாடி உக்காந்தே பழகின உடம்பு. பின் சீட்டுல உக்காந்தா யார் வண்டிய ஓட்டறது?

— அண்ணா, உன் ஆளு செத்தாச்சு. எப்படியும் இன்னிக்கு நீ புது ஆள் எடுக்கணும். பித்தளைப் பொத்தான நான் எடுத்துக்கறேன். வெள்ளைய நீ வச்சுக்கோ.

— உனக்கு அடி வாங்கிப் பழக்கம் இல்லடா.

— பழக விட்டாத்தானே?

— வெள்ளைய எடுத்துக்கோங்களேன். நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வர்றீங்க, பின்னாடி சொகுசா நின்னு ஓநாயச் சுட்டுத் தள்ளுங்க.

— என்ன சொகுசு? முன்னாடி நின்னு அடி வாங்கறது ஒரு வேலையே இல்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு வாங்கிடலாம். பின்னாடி பத்திரமா நின்னுக்கிட்டு, இவன் கடிபடறத நான் பாக்கணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்லடா, சத்தியமா இல்ல.

— ரெண்டு வருஷமா அதைத்தான் அண்ணா நான் பண்ணிட்டிருக்கேன். அந்தப் பித்தளைப் பொத்தான இப்படித் தள்ளு.