407-ஆம் எண் அறையின் கதவைத் திறந்தவர் யார் என்பது குறித்து

பெயர்: யமுனா. வயது: 22. தந்தை பெயர்: அர்த்தனாரி. முகவரி: 3/41, பாறைவளவு, வாழவந்தி நாடு, கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம். படிப்பு: இளங்கலை வரலாறு முடித்துள்ளேன், நூலக அறிவியல் முதுகலையில் சேரச் சென்னையில் இடம் கிடைத்துள்ளது.

சென்னையிலுள்ள பூந்தளிர் மாணவியர் அடுக்ககத்தின் மேலாளர் திரு. வேல்முருகன் அங்குள்ள காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் மீதான விசாரணைக்காக, 19.06.2025 வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் வீட்டில், பெண் காவலர் திருமதி கலைச்செல்வி முன்னிலையில் இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதாக இருந்தது. பின்னர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நானே எழுதலாம் என்றார்.

என் தந்தை நேற்று இங்குள்ள காவல் நிலையத்திற்குச் சென்று, அறைக்குள் தீ மூட்டியதும் கதவைத் திறந்ததும் தானே என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அது சரி என்று நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அப்படி எழுதினால் என் தந்தையின் மன்னிப்புக் கடிதத்தோடு மனு முடித்துக்கொள்ளப்படும் என்றும், 407-ஆம் எண் அறை இம்மாதம் 25-ஆம் தேதி வரை எனக்காக வைக்கப்பட்டிருக்கும் என்றும் திரு. வேல்முருகன் தொலைபேசியில் கூறினார். ஊருக்குத் திரும்பிவிடும் தகப்பனார் செய்த தவறென்றால் உரிமையாளர் பொறுத்துக்கொள்வார், தங்க வரும் பெண்ணே செய்ததென்றால் அறை தரமாட்டார் என்றும் கூறினார். இவற்றை அறிந்தே எழுதுகிறேன்.

நானும் என் தந்தையும் 10-ஆம் தேதி மாலை பேருந்தில் புறப்பட்டு மறுநாள் காலை சென்னை போய்ச் சேர்ந்தோம். கல்லூரி விடுதியில் இடம் இல்லை என்று முன்பே தெரிவித்திருந்ததால், தனியார் மாணவியர் குடியிருப்புகள் நான்கின் முகவரிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்விகளும் அதில் இருந்தன. குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், ஜன்னல் எந்தத் திசை, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், மேசை உண்டா, விளக்கை எத்தனை மணிக்கு அணைக்கச் சொல்வார்கள் என்பவை அவற்றில் சில. கடைசிக் கேள்வியை மட்டும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை, நானே பார்த்துக்கொண்டேன். அது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது.

முதலில் பார்த்த இடத்தில் ஒரே கூடத்தை அட்டைத் தடுப்புகளால் ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டியது. அதன் பிறகு பார்த்த இடத்தில் ஓர் அறைக்கு எட்டுக் கட்டில்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அங்கிருந்த அம்மாள் மேல்கட்டிலைக் காட்டி, "படிக்கணும்னா மேல ஏறிக்கோ, ஃபேன் காத்து நல்லா வரும்" என்றார். என் தந்தை அந்தக் கட்டிலை அண்ணாந்து பார்த்து, "பரண்ல மூட்டை அடுக்கற மாதிரி அடுக்கி வெச்சிருக்கறீங்களே" என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மூன்றாவது இடத்தில் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கழற்றி எடுத்த இடத்தில் திருகாணித் துளைகள் இருந்தன. நான் அவற்றைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்ட பொறுப்பாளர், இங்கே யாரும் கதவைச் சாத்திக்கொள்வதில்லை என்றார்.

நான்காவதாகப் பகல் ஒன்றரை மணிக்குப் பூந்தளிர் அடுக்ககத்திற்குச் சென்றோம். திரு. வேல்முருகன் எங்களை மரியாதையாக வரவேற்று நான்காவது மாடிக்கு அழைத்துச் சென்று 407-ஆம் எண் அறையைத் திறந்து காட்டினார். பத்தடிக்கு எட்டடி இருக்கும். ஒருவர் தங்கும் அறை. இரும்புக் கட்டில், கிழக்கு ஜன்னல், ஜன்னலையொட்டி மேசை, சுவரில் மூன்று தட்டுகள். தட்டுகளில் எதுவும் இல்லை. விண்ணப்பப் படிவம் எடுத்து வருவதாகச் சொல்லி அவர் கீழே சென்றார். அறைக்குள் தீ மூட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அவர் போன பிறகு, ஒரு நிமிடம் வெளியே நிற்கும்படி என் தந்தையைக் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். ஓசையில்லாமல் விழுந்தது. எங்கள் வீடு இரண்டு அறைகள் கொண்டது. அதில் பெற்றோர், தம்பி, தங்கை, கணவரை இழந்த என் சின்னம்மா, நான் என ஆறு பேர் இருக்கிறோம். இதுவரை நான் படித்த புத்தகங்கள் எல்லாம் யாரோ ஒருவர் கூப்பிட்ட இடத்தில் மூடி வைத்தவை. கழிவறை தவிர, உள்ளே தாழிட்ட ஓர் அறையில் நான் தனியாக நின்றது அதுவே முதல் முறை. மேசைமீது இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. சற்று நேரம் கழித்து என் தந்தை கதவைத் தட்டி, "உள்ள தூங்கிட்டியா சாமி?" என்றார். திறந்தேன்.

அவர் உள்ளே வந்து பையிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியையும், செய்தித்தாளில் மடித்த ஒரு பிடி சாமை வைக்கோலையும் எடுத்தார். வளவு என்று நாங்கள் சொல்லும் எங்கள் மலைக் குடியிருப்பில், ஒரு வீட்டில் குடியேறும் முன் புகை பார்ப்பது வழக்கம். கதவைச் சாத்திவிட்டு, நடுவீட்டில் சிறிது வைக்கோலைக் கொளுத்தி, அது எரிந்து முடியும்வரை உள்ளேயே நிற்பார்கள். புகை தானாக வழி கண்டு வெளியேறினால் அந்த வீட்டில் குடியிருக்கலாம். முகமட்டத்தில் தங்கி நின்றால் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை. கூரை வீடுகளுக்கு இது பொருத்தமாக இருந்திருக்கும், சிமெண்டுக் கட்டடத்திற்கு வேண்டாம் என்று சொன்னேன். "செவுரு எதுவா இருந்தா என்ன கண்ணு? நீ ரெண்டு வருசம் மூச்சு உடப்போற எடம். பாக்காம நான் கைநாட்டு வெக்கமாட்டேன்" என்றார். படிவத்தில் பெற்றோர் ஒப்பம் இல்லாமல் அறை தரமாட்டார்கள்.

அதன் பிறகு அவர் கையிலிருந்த தீப்பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். நானே பற்றவைக்கிறேன் என்றேன். குடியிருக்கப் போகிறவள் பற்றவைப்பதும் முறைதான் என்று அவர் விட்டுவிட்டார். கதவை மறுபடி தாழிட்டு, கொட்டாங்குச்சியைத் தரையின் நடுவில் வைத்து, வைக்கோலை இட்டு நான்தான் தீ வைத்தேன். அவர் அதற்கும் ஜன்னலுக்கும் இடையில், ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். நான் கதவோரம் நின்றேன்.

புகை மேலே போய்க் கூரையில் முட்டிப் பரவி, கீழே இறங்கி, எங்கள் முகமட்டத்தில் நின்றது. ஜன்னல் திறந்திருந்தும் அதன் பக்கம் போகவில்லை. என் தந்தை இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மேசையைப் பார்த்தேன். பிறகு, அவருக்குத் தெரியாமல், என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை ஒரு சாண் அளவு திறந்தேன். பின்னாலிருந்து காற்று வந்தால் புகையை ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிடும் என்று நினைத்தேன். பகலில் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அப்போது அது நினைவுக்கு வரவில்லை. ஜன்னல் கிழக்கே இருந்தது. புகை அசைந்தது. அசைந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அது ஜன்னல் பக்கம் போகாமல் என் தலைக்கு மேலாகக் கதவு வழியே நடைபாதைக்குள் போயிற்று. சில நொடிகளில் அங்கிருந்த அபாய மணி ஒலித்தது.

என் தந்தை தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துத் தீயை அணைத்தார். அதற்குள் எல்லா அறைகளிலிருந்தும் மாணவியர் வெளியே ஓடி வந்தனர். மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும் என்பதால் எல்லோரும் படி வழியாக இறங்கினர். அனுராதா என்ற மாணவி குளித்துவிட்டு ஈரக் காலோடு இறங்கி, இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. என் தந்தை அவரைப் படியில் உட்காரவைத்து, யாரிடமோ ஓர் அடிக்கோல் வாங்கி, தம் துண்டைக் கிழித்துக் கையோடு சேர்த்துக் கட்டினார்.

அப்போது திரு. வேல்முருகன் மேலே ஓடி வந்து, "இது என்ன காடாய்யா, நெருப்பு மூட்டிக் குளிர் காயறதுக்கு? யார் பண்ண வேலை இது?" என்று சத்தமிட்டார். நான் வாய் திறக்கும் முன் என் தந்தை, "நாந்தானுங்க பத்த வெச்சேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். அன்று நான் பேசாமல் நின்றதால்தான் மனுவில் அவர் பெயர் ஏறியது.

அனுராதாவை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது நாங்களும் உடன் சென்றோம். அவர் மலைக்குக் கீழே புளியஞ்சோலைப் பக்கம் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்கதானா அந்தப் பொகைக்காரி? எங்கூருக்கு மேல இருந்துகிட்டு, எலும்பை ஒடிக்கறதுக்கு மெட்ராசு வரைக்கும் வந்தீங்களாக்கும்" என்றார். வலியிலும் சிரித்தார். பிறகு, "ரூம் எடுத்துக்கங்க. எடது கையில எனக்கு எழுத வராது. நோட்ஸெல்லாம் நீங்கதான் எழுதித் தரோணும்" என்றார். அவர் எங்கள்மீது புகார் எதுவும் கொடுக்கவில்லை. மனு அடுக்ககத்தின் சார்பில் கொடுக்கப்பட்டது.

நடைபாதைக் கேமராவில் 407-ஆம் அறையின் கதவு ஒரு சாண் திறப்பது பதிவாகியிருப்பதாகவும், திறந்தவர் யார் என்று தெரியவில்லை என்றும் மனுவில் உள்ளது. கதவு சாத்தியே இருந்திருந்தால் புகை நடைபாதைக்கு வந்திராது. மணி அடித்திராது. அனுராதா விழுந்திருக்கமாட்டார்.

நேற்று காவல் நிலையத்திற்குப் புறப்பட்ட என் தந்தையை நான் தடுத்தேன். "எம்பேரு கெட்டா என்ன கண்ணு, நானா அங்க தங்கப் போறேன்? எழுதிக் குடுத்துட்டு வாரேன், நீ துணிமணிய எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எடுத்து வைத்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டு புடவைகளும் மூன்று சுடிதார்களும், அவற்றுக்கு அடியில் ஒன்பது புத்தகங்களும் பெட்டியில் இருக்கின்றன. மேல்தட்டில் எவை, நடுத்தட்டில் எவை என்றுகூட முடிவு செய்துவிட்டேன். இன்று காலையும் கைபேசியில் அந்த அடுக்ககத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 407 காலி என்றே இருந்தது.

ஆயினும் வைக்கோலுக்குத் தீ வைத்தவள் நான். கதவைத் திறந்தவளும் நான். என் தந்தை கொண்டுவந்தது வழக்கத்தின்படி ஒரு பிடி வைக்கோல் மட்டுமே. அவர் வைத்த சோதனையில் அந்த அறை தேறவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், தேறியதாகக் காட்ட வேண்டும் என்று நான் செய்த காரியத்தால்தான் ஒரு பெண்ணின் கை முறிந்தது. நேற்று அவர் கொடுத்த வாக்குமூலத்தில் இந்த இரண்டு செய்திகளும் உண்மையல்ல. அந்த அறை எனக்கு வேண்டும். இப்போதும் வேண்டும். அவர் பெயரில் அது வேண்டாம்.

இதுவரை எழுதியதைத் திருமதி கலைச்செல்வி படித்துப் பார்த்து, "கதவைப் பத்தி உங்கிட்ட யாரும் இவ்வளவு கேக்கவே இல்லையேம்மா. ஒரு வரியோட முடிச்சிருக்கலாமே" என்றார். தாள் இன்னும் பதிவாகவில்லை, வேறு தாள் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதன் பிறகு வெளியே மிளகு காயவைத்துக்கொண்டிருந்த என் தந்தையை உள்ளே அழைத்து, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கதவு திறந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு அவர் சொன்னதை, அவர் சம்மதத்துடன், சொன்னபடியே இங்கே சேர்க்கிறேன்: "பின்னால கதவு தொறக்காம முன்னால மூஞ்சில காத்து அடிக்குமா சாமி? அப்பவே தெரியும். திரும்புனா உங்கிட்ட வேண்டாமுன்னு சொல்லோணும். அதான் திரும்பலே."

இதில் உள்ளவை நான் செய்ததும், கண்டதும், என் காதால் கேட்டதும் ஆகும். எவரும் சொல்லி எழுதியதல்ல. எவருக்கும் அஞ்சி விட்டதும் இல்லை. அடித்தல் திருத்தல் இன்றி ஐந்து பக்கங்களில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் பெயரை இட்டு, உண்மையென உறுதி கூறி ஒப்படைக்கிறேன்.

(ஒப்பம்) அ. யமுனா
19.06.2025, பாறைவளவு

முன்னிலை: (ஒப்பம்) கலைச்செல்வி, பெண் காவலர்
வாசிக்கக் கேட்டவர்: அர்த்தனாரி, இடது பெருவிரல் ரேகை