வெளிநோக்கி வைத்த செருப்புகள்

வண்ணங்களின் வேந்தரே! வாசல்களின் காதலரே! கால் நூற்றாண்டுக்கும் மேலாக எம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடும் குணமும் கற்பித்த ஓவிய ஆசிரியர் இயேசுதாசன் ஐயா அவர்களே! பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் தங்களை வணங்குகிறோம், வாயார வாழ்த்துகிறோம், மன்னியுங்கள், சற்றே சந்தேகிக்கவும் செய்கிறோம்.

மயில் வரையுங்கள், மாதா கோயில் திருவிழா வரையுங்கள் என்று மன்றாடினோம். தாங்களோ கடை முன் ஐந்தடி நடைபாதைகளையும், மாடிப்படித் திருப்பங்களையும், பாதி திறந்த கதவுகளையுமே வரைந்து, இதுதான் இன்றைய ஓவியம் என்று சிரித்தீர்கள். வீடும் அல்லாத, வீதியும் அல்லாத அந்த இடங்களில் ஆளே இல்லையே என்று தலைமையாசிரியர் மாணிக்கம் ஐயுற்றபோது, "ஆளை வரைஞ்சா ஆளைத்தான் பாப்பீங்க, வாசலை யாரு பாப்பா?" என்று அவர் வாயை அடைத்தீர்கள்.

சென்ற மாதக் கண்காட்சியில் வைத்த ஓவியமோ எங்கள் உறக்கத்தையே கெடுத்தது. தங்கள் வீட்டு வாசல். படிக்கு வெளியே தங்கள் தோல் செருப்புகள். அவற்றின் முனைகள் வீதியை நோக்கி! இவர் சிங்கப்பூரை விட்டு இந்தியாவுக்கே கப்பலேறப் போகிறார் என்று ஆசிரியர் அறையே கிசுகிசுத்தது. குடியுரிமை பற்றிக் கேட்டபோதெல்லாம் தாங்கள் பேச்சை மாற்றியதும் நினைவுக்கு வந்தது. நேரே கேட்டால் உறுதியாகிவிடுமோ என்று பயந்து, எல்லோரும் சேர்ந்து ஒரு டிரங்குப் பெட்டியே வாங்கிவிட்டோம்.

பெட்டியில் தங்கள் பெயரை எழுதும் வேளையில்தான் தையல் ஆசிரியை பதுருன்னிசா அந்த ஓவியத்தை மறுபடி பார்த்தார். "வீட்டுக்குள்ள போறவரு செருப்பை உள்பக்கம் பார்த்துத்தானே கழட்டுவாரு? இதை யாரோ திருப்பி வச்சிருக்காங்க" என்றார். தங்கள் துணைவியார் அல்போன்சம்மாளிடம் ஓடினோம். காலையில் தாங்கள் பள்ளிக்குப் புறப்பட வசதியாக, மணமான நாள்முதல் தாமே திருப்பி வைப்பதாகச் சொன்னார். இங்கேயே, சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கிடைத்திருப்பதையும் சொன்னார். அப்படியானால் கப்பல் இல்லையே என்றோம். "அவரு மனசு எனக்கே தெரியாதுங்க" என்று கதவருகிலேயே நின்றார். அந்தச் சொல் எங்களை இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, அன்பரே, பெட்டியை ஏற்றருளுங்கள்; சாயமும் தூரிகையும் வைக்க மட்டும்! நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! நாங்கள் நம்பிவிட்டதாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். கப்பல் புறப்படும் ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர் குவீன்ஸ்டவுன் வந்து தங்கள் வாசலைப் பார்ப்பார். செருப்புகள் உள்நோக்கி இருந்தாலும் சரி, வெளிநோக்கி இருந்தாலும் சரி. இருந்தால் போதும், ஐயா.

இங்ஙனம்,
தங்களை அனுப்ப மனமில்லாத சக ஆசிரியர்கள்,
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர், 1966