அண்ணனுக்காகச் செய்த பார்டர்

பழைய கைப்பெட்டி வீடியோ விளையாட்டுகளைப் புதுக் கருவியில் ஓட விடுவது லேசு, சார். அவற்றைப் பழையபடி தெரிய வைப்பதுதான் வேலை. அந்தக் காலத்துத் திரை கிட்டத்தட்டச் சதுரம், இப்போதையது அகலம். படத்தை இழுத்துவிட்டால் ஆள் சப்பையாகத் தெரிவான். இழுக்காமல் விட்டால் இரண்டு பக்கமும் வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பில் பழைய பெட்டியின் சட்டத்தை வரைந்து வைப்பதற்குப் பெயர் பார்டர். படத்தின் மேல் பாசிப்பச்சை நிறம், நூலிழைக் கோடுகள், ஆள் ஓடினால் பின்னால் இழுபடும் நிழல் இதையெல்லாம் சேர்க்கும் சின்ன புரோகிராமுக்குப் பெயர் ஷேடர். இரண்டும்தான் என் பிழைப்பு. வீட்டில் உட்கார்ந்தே செய்வேன்.

வீட்டில் உட்கார்ந்தே என்பதுதான் வினையாகப் போயிற்று. அப்பா பக்கவாதம் வந்து படுத்தபோது, யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் பேசவே இல்லை. அண்ணன் பஸ் டிரைவர். அண்ணி பள்ளிக்கூடத்தில் வேலை. அவர்கள் மகள் பாப்பா சின்னவள். ஆகவே குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் ஊட்டும்போதும் அப்பா, "பெரியவன் வந்துட்டானா?" என்றுதான் கேட்பார். வாய் கோணியிருந்தாலும் அது மட்டும் தெளிவாக வரும்.

பிறகு அண்ணனுக்கு வேறு ஊரில் நல்ல வேலை வந்தது, வீட்டோடு. சாப்பிடும்போது சொன்னார்.

"நாங்க மூணு பேரும் கிளம்பறோம்டா. பாப்பாவுக்கும் அங்க நல்ல ஸ்கூல் இருக்கு."

"அப்பா?"

"நீ வீட்லதானே இருக்க. உனக்கென்ன, விளையாட்டு வேலை."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அண்ணியிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஒரே பெட்டியைப் பிடுங்கிப் பிடுங்கி ஆடியவர்கள். அதே விளையாட்டைப் புதுப் பெட்டி ஒன்றில், அதே திரை போலவே அவருக்கு அமைத்துக் கொடுத்திருந்தேன். வேலை முடிந்து வந்து மாடி அறையில் தனியாக உட்கார்ந்து ஆடுவார். வேறு யாரையும் தொட விட மாட்டார். சார்ஜ் போட மட்டும் என்னிடம் தருவார்.

டிரைவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கண் டாக்டரிடம் போக அவர்களுக்குப் பயம். பார்வை குறைவு என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் பிழைப்பு போயிற்று. அதனால் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்வார்கள். ஒருவர் தூரத்துப் பெயர்ப்பலகையைப் படிப்பார், இன்னொருவர் ஊசியில் நூல் கோப்பார். என் அண்ணன் இந்த விளையாட்டை ஆடினார். மூன்றாவது லெவலில் திரையோரத்தில் புள்ளி அளவுக்கு ஒரு வௌவால் வரும். "அது தெரியற வரைக்கும் என் கண்ணுக்கு ஒண்ணுமில்லடா" என்பார்.

ஆகவே நான் வௌவாலை மறைத்தேன்.

அவசரப்படவில்லை. பார்டரின் உள்விளிம்பில் மெல்லிய நிழல் ஒன்றைச் சேர்த்து, வாராவாரம் மயிரிழை உள்ளே நகர்த்தினேன். ஷேடரில் பச்சையைக் கொஞ்சம் அழுக்காக்கினேன். சுத்தமான வேலை, சார். நிழல் எங்கே தொடங்குகிறது என்று என்னாலேயே விரல் வைத்துக் காட்ட முடியாது.

ஒரு நாள் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"டேய், ஓரமெல்லாம் இருட்டா இருக்கே. ஏதாவது மாத்தினியா?"

"இல்லண்ணே. எனக்குப் பளிச்சுன்னு தெரியுதே."

வாங்கி, அவர் முன்னாலேயே மூன்றாவது லெவலை ஆடி முடித்தேன். வௌவால் எப்போது வரும் என்று என் விரலுக்கே தெரியும், திரை தேவையில்லை. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணிகிட்ட சொல்லிடாதடா" என்றார்.

பயம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை என்றார். வெயிலில் கண் கூசுகிறது என்றார். அதெல்லாம் நான் செய்ததல்ல. டாக்டரிடம் போகலாமா என்று நானே கேட்டேன். வர மாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன். புது வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிழலை எடுத்தால் கண் சரியாகிவிட்டது என்று மறுபடி கிளம்பிவிடுவாரே. தொடர்ந்து நகர்த்தினேன். கொஞ்ச நாளில் பழைய வேலையையும் விட்டார். "பஸ்ஸுல அத்தனை உசிரு இருக்குடா" என்றார். நல்ல மனுஷன். அதை நான் மறுக்கவில்லை.

இவ்வளவு செய்து எனக்கு என்ன கிடைத்தது? அவர் வீட்டில் இருந்தார், அப்பா பக்கம் மட்டும் வரவில்லை. கண் தெரியாமல் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒதுங்கிக்கொண்டார். அப்பாவையும் நானே பார்த்தேன், அண்ணனுக்கும் நானே தட்டு வைத்தேன்.

கண் முழுக்கப் போய்விடும் என்று நம்பி, அண்ணன் குருடாக வாழப் பழக ஆரம்பித்தார். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். பாப்பாவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பார். அவள் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பாள். பிறகு மாடிப்படியில் இறங்கிப் பழகினார். கைப்பிடி இல்லாத படி. என்னைக் கீழே நிற்கச் சொல்வார்.

"சறுக்கினா பிடிச்சுக்கடா. உன்னை நம்பித்தான் இறங்கறேன்."

நின்றேன், சார். பல நாள் நின்றேன். அன்றைக்கு அவர் மேல்படியில் கால் வைத்தபோது அப்பா உள்ளேயிருந்து, "பெரியவன் எங்க?" என்று கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் உள்ளே போனேன். போகிறேன் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

படியில் விழுந்த அண்ணனுக்குக் காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அண்ணி அந்தப் பெட்டியை எடுத்து ஆடிப் பார்த்தார். அதற்கு முன் அவர் அதைத் தொட்டதே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கும் ஓரமெல்லாம் இருட்டாத்தான் இருக்கு."

குரலில் கோபம்கூட இல்லை. பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் அதையே சொன்னாள். அதன் பிறகுதான் அண்ணி ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார்.

ஆமாம், நான்தான் செய்தேன். பார்டரும் ஷேடரும் என் கைவேலை. வாராவாரம் தெரிந்தேதான் செய்தேன், படியில் அவரைத் தனியே விட்டுப் போனதும் தெரிந்தேதான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம் எழுதுங்கள், சார். அப்பாவுக்குத் துணி மாற்றுகிற நேரமாகிவிட்டது. அண்ணி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார், வீட்டில் வேறு ஆளில்லை. அண்ணன் மட்டும் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கவலையே வந்திருக்காது.