மிளகாய்க்காரிப் பார்

ரயிலும் வராத, ரோடும் வராத காலம். அப்போ நம்ம மூக்கன்துறையில் அறுபது குடிசை, ஒரு ஓலைக்கோயில், இருபது கட்டுமரம். அவ்வளவுதான் ஊர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு முழம் மணல்.

அந்த மணலில் ஒரு நாள் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றதாம். வண்டி நிறைய மிளகாய் வற்றல். ஓட்டி வந்தவள் ஒரு பொம்பளை. பேரு வெயிலுகந்தாள். சாத்தூருக்கும் அந்தப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. புருசன் போன பிறகு வண்டியைத் தானே பிடித்தவள். வற்றலைக் கொடுத்துக் கருவாடு வாங்கிப் போகலாம் என்று வந்திருக்கிறாள். கடலை அதுக்கு முன்னே கண்டதில்லை. மலையையும் கண்டதில்லை. அவள் ஊரில் உயரம் என்றால் வைக்கோல் படப்புதானாம்.

வந்ததும் கடல் தண்ணியை ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தாளாம். துப்பிவிட்டு, "இம்புட்டு உப்பையும் ஒரே எடத்துல கொட்டி வீணாக்கிட்டாகளே" என்றாளாம். கரையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கா எல்லாம் எழுந்து பறந்ததாம்.

அந்த வாரமே ஐப்பசிப் புயல் வந்துவிட்டது. வண்டி அச்சு முறிந்தது. அவளுக்குக் காய்ச்சல். ஞானப்பூ என்கிற மகராசி அவளைத் தன் குடிசைக்குள் தூக்கிப் போட்டு, கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தாள். ஞானப்பூவின் புருசன் சவரிமுத்து, அந்தத் துறையிலேயே மூத்த கட்டுமரக்காரர்.

ஆனால் ஊர் பிழைக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

கடலுக்கு அடியில் பாறைத் திட்டு இருக்குமே, அதுக்குப் பார் என்று பேர். பாரில்தான் மீன் கூடும். நம்ம துறைக்கு இருந்தது ஒரே ஒரு பார். கடலில் போய்த் தேடினால் அது தெரியாது. கரையைத் திரும்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோயில் சிலுவையும் அதன் பின்னால் உள்ள கரடும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். அது ஒரு குறி. கரையோரத்து ஒற்றைப் பனையும் மலையின் மூக்குப் பாறையும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். அது இன்னொரு குறி. இரண்டும் கூடும் இடத்தில் பார் இருக்கும்.

புயலில் சிலுவை தப்பித்தது. பனை தப்பவில்லை. பனை மட்டும் போயிருந்தால் தூரைப் பார்த்தாவது சொல்லலாம். பனை நின்ற மணல் மேட்டையே கடல் வாரிக்கொண்டு போய்விட்டது.

பனை எங்கே நின்றது? அங்கேதான் வந்தது வினை. இங்கே நின்றது என்று சவரிமுத்து ஒரு கம்பு நட்டு, ஞானப்பூவின் சிவப்புச் சேலையைக் கட்டினார். இல்லை, அங்கே நின்றது என்று மிக்கேல் ஒரு கம்பு நட்டுத் தன் வேட்டியைக் கட்டினார். இன்னாசி ஒரு கம்பு. அவர் மச்சான் ஒரு கம்பு. கோயில் உபதேசியார் வேறு ஒரு கம்பு. ஐந்து கம்பு, ஐந்து துணி. யார் கம்பைப் பார்த்து ஓடினாலும், அடி பார்க்கக் கயிற்றில் இறக்குகிற ஈயக்குண்டில் ஒட்டி வந்தது சேறுதான். ஒரு குறியை மட்டும் வைத்துத் தேடலாம் என்றால் நீரோட்டம் இழுத்துவிடும். பாரோ நாலு களத்துமேட்டு அளவு. இரண்டு மாதம் போனது. உலை கொதிக்காத வீடுகள் கூடிப் பேசின. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் மரங்களை விற்றுவிட்டு, வடக்கே உப்பளத்துக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று.

ஞானப்பூ பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வெயிலுகந்தாள். தனக்கு ஊற்றிய கஞ்சி யார் வயிற்றுக் கஞ்சி என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்ததாம்.

"எக்கா, அந்த மூக்குப் பாறையில நின்னு பாத்தா என்ன தெரியும்?" என்று கேட்டாளாம்.

ஞானப்பூ பதறிவிட்டாள். கடல்காரர்கள் அந்தப் பாறையில் ஏறவே மாட்டார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒருத்தரும் ஏறியதில்லை. நடுக்கடலில் வழி காட்டுகிற பாறையைக் காலால் மிதிப்பதா? மிதித்தால் கடல் கொண்டுபோகும் என்று ஒரு பயம்.

வெயிலுகந்தாளுக்கு அந்தப் பயம் ஏது? மறுநாள் விறகுக்குப் போன அடிவாரத்துப் பெண்களோடு சேர்ந்து ஏறினாள். காய்ச்சல் விட்ட உடம்பு. பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தாள், ஏறினாள். உட்கார்ந்தாள், ஏறினாள். உச்சி வெயிலில் மூக்குப் பாறையின் நுனியில் போய் உட்கார்ந்தாளாம்.

கீழே கடல், உழுது போட்ட காடு மாதிரி விரிந்து கிடந்தது. அதில் அங்கங்கே கறுப்புத் திட்டு. மேக நிழல். நிழல் நகர்ந்தது, எல்லாம் நகர்ந்தது. ஒன்று மட்டும் நகரவில்லை. அதன் மேலே வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள். அவள் அசையாமல் பார்த்தாள். இன்னொரு மேகம் வந்து போனது. அது அப்படியே கிடந்தது.

கரையில் ஐந்து துணியும் பொட்டுப் பொட்டாய்த் தெரிந்தன. ஒன்றுகூட அந்தக் கறுப்புத் திட்டுக்கு நேரே இல்லை.

இறங்கி வந்து நேரே ஆண்கள் கூடியிருந்த இடத்துக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அஞ்சு கம்பும் தப்பு. ஒங்க செவப்புச் சேலைக்கும் அவுக வேட்டிக்கும் நடுவுல வரணும். நடுவுலன்னா சரிபாதி இல்ல. மூணு பங்கு போட்டா சேலையிலருந்து ஒரு பங்கு."

"நீ எங்க நின்னு பாத்த?" என்றார் சவரிமுத்து.

"மூக்குல."

மிக்கேல்தான் முதலில் வாயைத் திறந்தார். "கேட்டியளா வே? நம்ம அப்பன்மாருக்குத் தெரியாத கடலு, மொளகா விக்க வந்தவளுக்குத் தெரிஞ்சிட்டு." சிரிப்பு. ஒருத்தர் அவளை இன்றைக்கே ஊரை விட்டு அனுப்பணும் என்றார். ஒருத்தர் பாறைக்கு மெழுகுதிரி ஏற்றணும் என்றார்.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நீங்க ஆயுசு பூரா கடல்லருந்து மலையப் பாத்தீக. ஒருத்தராவது மலையிலருந்து கடலப் பாத்தீகளா?" என்றாளாம்.

சவரிமுத்து எழுந்து போனார். தன் கம்பைத் தானே பிடுங்கினார். மிக்கேல் கம்பு வரைக்கும் நடந்து காலடியை எண்ணினார், திரும்பி வந்தார், மூன்றில் ஒரு பங்கில் நட்டார். "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்கு" என்றார். அவ்வளவுதான்.

விடிந்ததும் சவரிமுத்து மரத்தைத் தள்ளினார். கரையில் ஊரே நின்றது. ஞானப்பூ செபமாலையை உருட்டினாள். வெயிலுகந்தாளுக்கு மாதாவையும் தெரியாது, மந்திரமும் தெரியாது. அவள் கம்பைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

கடலில் சிலுவை கரட்டில் ஏறியது. சிவப்புச் சேலை மூக்கின் அடியில் வந்து உட்கார்ந்தது. சவரிமுத்து குண்டை இறக்கினார். சேற்றில் விழுந்தால் கயிறு சும்மா தொய்யும். தொய்யவில்லை. 'ணங்'கென்று கை வரைக்கும் அதிர்ந்தது.

வெயில் சாயும் நேரத்துக்கு மரம் திரும்பி வந்தது. மரம் வந்தது என்றா சொல்ல, மரமே தெரியவில்லையாம். மீன் குவியலும், அதன் மேல் இடுப்பளவு தண்ணியில் நிற்கிற மாதிரி நாலு ஆளும்தான் தெரிந்தார்கள். தூக்க முடியாத கலவா மீன்கள். கரையில் கட்டியிருந்த சாக்குகளைப் பெண்கள் அவிழ்த்த வேகத்தில் பாத்திரம் எல்லாம் மணலில் உருண்டது.

மிக்கேல் என்ன செய்தார் தெரியுமா? தன் கம்பில் கிடந்த வேட்டியை அவிழ்த்து வந்தார். சிவப்புச் சேலைக்கு மேலே அதையும் கட்டினார். "தங்கச்சி, ஒனக்க கம்புக்கு இதும் கெடக்கட்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊரே போனது, அங்கேயிருந்து யாரும் உப்பளத்துக்குப் போகவில்லை. வண்டிக்கு மரக்காரர்களே புது அச்சு செதுக்கினார்கள். வற்றல் இறங்கிய இடத்தில் கருவாடு ஏறியது, மாடு இழுக்குமட்டும் ஏறியது.

அந்தக் கம்பு நின்ற இடத்தில்தான் இப்போ குறிப்பனை நிற்கிறது. கடலில் அந்தத் திட்டுக்கு இன்றைக்கும் மிளகாய்க்காரிப் பார் என்றுதான் பேர். மூக்குப் பாறையில் இப்போ வருசம் தவறாமல் ஏறுகிறோம், மீன்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், உச்சி வெயிலில். ஊருக்கு வந்த விருந்தாளி யாராவது இருந்தால் அவர்தான் முன்னால் ஏற வேண்டும். நுனியில் அவரை உட்கார வைத்து, கீழே என்ன தெரிகிறது என்று கேட்போம். அவர் என்ன சொன்னாலும் ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. அது நம்ம துறையின் சட்டம்.