தொண்ணூத்தாறு கஜம்

இல்லைங்க வக்கீலம்மா, அத மட்டும் எழுதாதீங்க. எழுதிட்டீங்களா? அடிச்சிடுங்க. மனுசங்க தப்பா நம்புறது எத்தனையோ இருக்கு. ஒரு காலத்துல பூமியே தட்டைன்னாங்க. சரி, போகட்டும், மன்னிச்சுடலாம். ஆனா மெதுவாப் போற தோட்டா குறி தப்பும்ங்கறாங்க பாருங்க, அத மட்டும் மன்னிக்கவே முடியாது.

புரியுது, புரியுது. காட்டுப்பன்னியக் குறி வச்சேன், குண்டு விலகிப்போய் என் மச்சான் லாடி மேல பட்டுருச்சு, செத்துட்டான். இப்படிச் சொன்னா நான் வீட்டுக்குப் போகலாம். சொல்லலைன்னா இந்த டெக்சஸ் ஜெயில்லயே கெழவனாகணும். எனக்கு அறுபத்துமூணுங்க. பாதி வேலை முடிஞ்சே போச்சு.

கேளுங்க. அது சத்தத்தோட வேகத்துக்குக் கீழ போற தோட்டா. வானத்தக் கிழிக்கிற மாதிரி வெடிக்காது. துப்பாக்கியில சைலன்சரும் மாட்டிட்டா, யாரோ அடுத்த ரூம்ல பைபிள மூடுன மாதிரிதான் கேக்கும். பன்னிக்கூட்டம் ஓடாது. ஒண்ணு விழும், பக்கத்துல நிக்கறது என்னாச்சுன்னு திரும்பிப் பாக்கும். அப்ப அதையும் சுடலாம். மண்டை எலும்பு ஒடையற சத்தம்தான் பெருசாக் கேக்கும்.

துல்லியமா? கடையில வாங்குறது நூறு கஜத்துல அஞ்சு குண்டு மூணு அங்குலத்துக்குள்ள விழுந்தாலே சந்தோசப்படணும். நான் செய்யிறது எலுமிச்சம்பழ அளவுக்குள்ள விழும். ஒவ்வொண்ணுக்கும் வெடிமருந்த நிறுத்துப் போடறேன். என் பொண்டாட்டி எவ்லின் சூப்புக்கு உப்புப் போடற மாதிரி இல்ல.

ஒண்ணே ஒண்ணு, சீக்கிரம் கீழ எறங்கும். அம்பது கஜத்துக்குக் குறி சரிபண்ணி வச்சிருந்தா, நூறுல ஏழு அங்குலம் தாழப் போயிரும். அது தோட்டா பண்ற தப்பில்ல, அளக்காம சுடறவன் பண்ற தப்பு.

லாடி அளக்கவே மாட்டான். எவ்லினோட அண்ணன், பக்கத்து நெலத்துக்காரன். மே மாசம் என்கிட்டயே தோட்டா வாங்கிட்டுப் போனான். சோளக்காட்டுல ஒரு ஆண்பன்னி நின்னுச்சு. அம்பது கஜம்தான்னு கண்ணாலயே முடிவு பண்ணிட்டான். நின்னது நூறுல. தோள்ல வச்ச குறி முன்னங்கால ஒடிச்சுது. வலி தாங்காம அது என் வேலிய முட்டிட்டு உள்ள பாஞ்சு, என் நாய் பெபாவோட வயித்தக் கிழிச்சிருச்சு. கொடல அள்ளி உள்ள வச்சு என் சட்டையால கட்டினேன். கைய நக்குச்சுங்க. அப்புறம் நானே சுட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு சர்ச் ஹால்ல எல்லாரும் சாசேஜ் சாப்பிட்டுட்டிருக்கோம். லாடி எந்திரிச்சு நின்னு என்ன சொன்னான் தெரியுமா? மாப்ள, உன் தோட்டாவுக்கு முன்னால நிக்கறதுதான்டா இந்த ஊர்லயே பத்திரமான எடம்னான். ஹாலே சிரிச்சுது. பாதிரியாருக்குச் சிரிப்புல பொரையேறிப் போச்சு. எவ்லினும் சிரிச்சா.

கோவமா? இல்லைங்க. கோவத்துல கை ஆடும்.

அவன் செத்த அன்னிக்கா? லாடி சோளக்காட்டு வேலியோரம் நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தான். லேசர்ல அளந்தேன், தொண்ணூத்தாறு கஜம். சந்தேகம் வேண்டாம்னு இன்னொரு தடவையும் அளந்தேன். ஆறு அங்குலம் மேல வச்சேன்.

பன்னி எங்க நின்னுச்சா? பன்னியே இல்லைங்க. மொத குண்டு அவன் பக்கத்துல இருந்த வேலிக் கம்பத்துக்கு. நான் பாத்து வச்ச மரக்கணு மேலயே விழுந்துச்சு. அத அவன் பாக்கணும்ல? சத்தமே இல்லாததால அவனுக்கு ஓடத் தோணல. அந்தப் பன்னிங்க மாதிரியே திரும்பிப் பாத்தான். ரெண்டாவது, எடது புருவத்துக்கு மேல.

என்னங்க, பேனாவ மூடிட்டீங்க?

வெளிய நிக்கறாரே காவலர், அவர் நேத்து என்கிட்ட அந்தத் தோட்டா ஒரு பெட்டி கெடைக்குமான்னு கேட்டார்.